முதலில் அனுமதியா, இன்ஜினா?

கோத்தகிரி ஏற்றத்துக்காகப் பழைய பெட்ரோல் ஜீப்பில் டீசல் இன்ஜின் போட நினைப்பவர்கள் முன்னால் இரண்டு வழி.

மாட்டிவிட்டு அப்புறம் ஆர்டிஓவைப் பார்ப்பது ஒன்று. வண்டி சீக்கிரம் ஓடும். ஆனால் ஆர்சியில் எரிபொருள் பெட்ரோல், இன்ஜின் எண்ணும் பழசு. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4)-ன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. இன்சூரன்ஸிலும் சிக்கல் வரலாம். கோத்தகிரி சாலையின் குஞ்சப்பனை வளைவுகளில் இந்தப் பயத்தோடு ஓட்ட என்னால் முடியாது.

கேட்டுவிட்டு மாட்டுவது மற்றொன்று. அலைச்சல்தான். அதே சட்டத்தின் 52வது பிரிவு தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து மாறுவதையே தடுக்கிறது, அதனால் ஆர்டிஓ மறுக்கவும் செய்யலாம். மறுத்தால் இன்ஜின் வாங்கும் பணமாவது மிஞ்சும். சரி என்றால், இன்ஜின் வாங்கும்போது பில்லை வைத்துக்கொண்டு, இன்ஜின் பிளாக்கில் கிரீஸைத் துடைத்து, அதிலுள்ள எண் பில்லோடு ஒத்துப்போகிறதா என்று படித்துப் பாருங்கள். எனக்கு இதுதான் வழி.