உப்புக்காற்றுக்கு ஸ்லாக் சிமெண்ட்: கட்டிப் பார்த்தவன் சொல்கிறேன்

நாகப்பட்டினத்தில் எங்கள் பழைய வீட்டின் மேல்தளம் முப்பது வருஷம்கூடத் தாங்கவில்லை. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துப் பருத்து, காரை பாளம் பாளமாகப் பெயர்ந்தது. ஒருநாள் அம்மாவின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பாளம் விழுந்தது. அப்புறம் இடித்துக் கட்டுவதைத் தவிர வழியில்லை. இம்முறை இன்ஜினியர் எழுதிக் கொடுத்தது ஸ்லாக் சிமெண்ட். மூட்டையில் ஐஎஸ் 455 என்று, அதாவது இந்த சிமெண்டுக்கான இந்தியத் தர எண், இருக்கிறதா பார்த்து வாங்கச் சொன்னார்.

மேஸ்திரிக்கு முகமே மாறிவிட்டது. "இரும்புக் கசடைப் போய் வீட்டுக்குப் போடுவாங்களா சார்?" என்றார். ஸ்லாக் என்றால் கசடுதான், மறுக்கவில்லை. ஊதுலையில் உருகிய இரும்பின்மேல் மிதப்பதை வழித்தெடுத்து, சட்டென்று தண்ணீரில் குளிரவைத்தால் மணல் மாதிரி ஆகிவிடும். அதைக் கிளிங்கரோடு (சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் சுட்டெடுத்த கட்டி) சேர்த்து அரைக்கிறார்கள். மூட்டையில் 25 முதல் 70 சதவீதம் வரை ஸ்லாக் இருக்கலாம். கான்கிரீட்டின் நுண்துளைகள் நெருங்கி, உப்பு உள்ளே இறங்குவது குறையும். எங்களுக்கு வேண்டியது அதுதான்.

குறை என்றால், வலிமை ஏறுவதில் நிதானம். கசடு கலக்காத சாதாரண 53 கிரேடு சிமெண்டுக்கு மூன்றாம் நாளில் குறைந்தது 27 மெகாபாஸ்கல் வலிமை வேண்டும். இதற்கு 16 இருந்தால் போதும் என்கிறது விதி. அது தெரியாமல் முதல் பில்லரின் பலகையை மறுநாள் காலையிலேயே பிரித்தோம். மூலை பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது. அடுத்த பில்லர்களுக்கு முழுதாக இரண்டு நாள் விட்டோம், பிரச்சினையில்லை.

தண்ணீரும் அதிகம் கேட்கும். இது மாதிரிக் கலப்பு சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் வேண்டும். நாங்கள் 14 நாள் காட்டினோம். மேல்தளத்தில் பாத்தி கட்டி நிறுத்திவிடலாம், பில்லருக்குச் சாக்கு சுற்றி நனைக்க விடியற்காலை நான்தான் போனேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு என்பதால் லாரித் தண்ணீர். மூட்டைக்கு மிச்சமான காசெல்லாம் அந்த லாரியில் போய்விட்டது.

பீமில் பிதுங்கி நின்ற கான்கிரீட்டைக் கொத்தியபோது உள்ளே நீலப்பச்சை. "நான் சொன்னேன்ல, பாசி!" என்று மேஸ்திரி சத்தம் போட்டார். ஸ்லாக்கில் இருக்கும் கந்தகச் சேர்மத்தால் வரும் நிறம் அது. காற்றுப் பட்டு ஒரு வாரத்தில் வெளுத்துவிட்டது. பூச்சு வேலைக்கு வழவழவென்று நன்றாகவே வந்தது, நிறமும் கொஞ்சம் வெளிர்.

கடலோரத்தில் அஸ்திவாரம், பில்லர், மேல்தளத்துக்கு யோசிக்காமல் வாங்கலாம். சென்ட்ரிங் பலகையை அவசரமாகப் பிரிக்கிற, தண்ணீர் விடச் சோம்புகிற ஆள் கையில் கொடுக்காதீர்கள். மூட்டையில் அச்சிட்டிருக்கும் வாரம், வருஷத்தையும் பாருங்கள். எனக்கு வந்த முதல் லோடு மூன்று மாதம் பழையது. வண்டியிலிருந்து இறக்கவே விடவில்லை.