ரியூசன் வகுப்புக்கு லிப்ரே ஒபிஸ் பேஸ்: காசு வேண்டாம், பொறுமை வேண்டும்

ஹட்டனில் அக்கா நடத்தும் ரியூசன் வகுப்பின் கணக்கு வெகுநாளாக ஒரு சீஆர் கொப்பியில்தான் கிடந்தது. அதை நான் எக்செலுக்கு மாற்றி பாடம்1, பாடம்2, பாடம்3 என்று மூன்று நிரல் போட்டுக் கொடுத்தேன், சாதாரண தரப் பிள்ளை ஒன்று நாலாவது பாடத்துக்கும் வந்து உட்கார்ந்ததும் எல்லாம் குழம்பிவிட்டது. ஒரு பிள்ளைக்குப் பல பாடம், ஒரு பாடத்துக்குப் பல பிள்ளை. உயர்தர ஐசிடியில் படித்த அதே பல-பல உறவுதான், நடுவில் ஓர் இணைப்பு அட்டவணை வேண்டும்.

இப்படி அட்டவணைகளை இணைத்து வைக்கத் தரவுத்தள மென்பொருள் வேண்டும். அதில் மைக்ரோசொப்ட் அக்சஸ் காசு கேட்கும், விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அக்காவின் பழைய லப்டொப்பில் லினக்ஸ். அதனால் லினக்ஸிலும் ஓடும் இலவசத் தரவுத்தள மென்பொருளான லிப்ரே ஒபிஸ் பேஸ்.

அட்டவணை போடுவதில் சிரமமே இல்லை. பிள்ளைகள், பாடங்கள், நடுவில் 'பதிவு'. பதிவில் பிள்ளையின் ஐடி, பாடத்தின் ஐடி, சேர்ந்த திகதி. இரண்டு ஐடியையும் கண்ட்ரோல் பொத்தானை அழுத்தி ஒன்றாகத் தெரிவுசெய்து முதன்மைச் சாவியாக்கினால் (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டுவது அதுதான்), ஒரே பிள்ளையை ஒரே பாடத்தில் இரண்டு தடவை பதிய விடாது.

தரவு பதியும் படிவத்தை (ஃபோர்ம்) படிப்படியாகச் செய்து தரும் ஃபோர்ம் விசார்ட் பாதி வேலையைத்தான் செய்யும். மேலே பிள்ளை, கீழே அதற்குள் அடங்கிய சப்ஃபோர்மாகப் பதிவு என்று அழகாகத்தான் வந்தது, ஆனால் பாடத்தின் இடத்தில் 3, 7 என்று வெறும் இலக்கம். "என்னடா தம்பி, நம்பரா இருக்கு, எது கணக்கு, எது விஞ்ஞானம்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அக்கா. சரி என்று ஃபோர்மைத் திருத்தும் நிலையில் திறந்து, அந்த நிரலின் தலையில் வலது கிளிக் செய்து லிஸ்ட் பொக்ஸாக, அதாவது பட்டியலிலிருந்து தெரிவுசெய்யும் பெட்டியாக மாற்றி, உள்ளடக்கத்துக்கு எஸ்கியூஎல் (தரவுத்தளத்திடம் தரவைக் கேட்கும் மொழி) வரி ஒன்றை நாமே எழுத வேண்டியிருந்தது: முதலில் பெயர், அடுத்து ஐடி. அட்டவணையில் எந்த நிரலின் மதிப்பைச் சேமிப்பது என்று சொல்லும் 'பவுண்ட் ஃபீல்ட்' 1 என்றால் இரண்டாவது நிரல், ஏனென்றால் எண்ணுவது பூச்சியத்திலிருந்து. இது விளங்க எனக்கு ஒரு மழை இரவு முழுதும் போனது, நடுவில் கரண்ட் வேறு போய் சேவ் பண்ணாததை எல்லாம் மறுபடி செய்தேன்.

இதையே திருப்பி, பாடம் மேலே பிள்ளைகள் கீழே என்று இன்னொரு ஃபோர்ம் செய்தால் வகுப்பு இடாப்பு தயார். அட்டவணை அதேதான், புதிதாக எதையும் பதிய வேண்டியதில்லை. அக்காவுக்குப் பிடித்தது இதுதான். ஆனால் இங்கே லிஸ்ட் பொக்ஸில் பெயரை மட்டும் காட்டக் கூடாது, ஒரே பெயரில் டிக்கோயாவிலிருந்து ஒரு பிள்ளை, கொட்டகலையிலிருந்து ஒரு பிள்ளை என்று எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். பெயரோடு ஊரையும் ஒட்டிக் காட்டும்படி வரியை மாற்றினேன்.

குறை என்றால், புதுப் பிள்ளை வந்தால் அந்த லிஸ்ட் பொக்ஸுக்குள்ளேயே பெயரைத் தட்டிச் சேர்க்க முடியாது, பிள்ளைகள் ஃபோர்முக்குப் போய்ப் பதிந்துவிட்டு வந்து பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். அக்சஸில் 'லிஸ்டில் இல்லாத' பெயரை அடித்தால் என்ன செய்வது என்று கோட் எழுதி வைக்கலாம், அது வசதிதான்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். மாதக் கட்டணம் இன்னும் சீஆர் கொப்பியில்தான் இருக்கிறது, அதற்குத் தனி அட்டவணை ஏப்ரல் லீவில்தான்.