ஃபேமிலிசர்ச் சைட் – பழைய அமெரிக்க டவுன் கிளார்க் வம்சத்த தேடுறவங்களுக்கு

அக்கா பொண்ண பாஸ்டன் பக்கம் கட்டிக்குடுத்திருக்கோம், மாப்ள அமெரிக்கக்காரரு, அவரோட முன்னோர் ஒருத்தர் 1700கள்ல மாசசூசெட்ஸ்ல டவுன் கிளார்க்கா இருந்தாராம், அந்த வம்சத்த கொஞ்சம் தேடிக்குடுங்க மாமான்னு கேட்டுச்சு. தர்மபுரில வீட்லயே உக்காந்து இந்த சைட்ல பாதி வேலய முடிச்சாச்சு. காசு கிடையாது, ஒரு அக்கவுண்ட் போட்டா போதும்.

டவுன் கிளார்க்னா நம்மூரு கர்ணம் மாதிரி வச்சுக்கலாம், ஆனா பரம்பரை உத்தியோகம் இல்ல, டவுன் மீட்டிங்ல ஜனங்களே தேர்ந்தெடுக்கறது. பொறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அவரு கைப்பட எழுதுனது, அந்தப் பக்கங்க அப்படியே ஸ்கேனா இருக்கு. பெருசாக்கிப் பாருங்க, பிப்ரவரி தேதிக்குப் பக்கத்துல 1731/32ன்னு ரெண்டு வருஷம் போட்டிருக்கும், ஏன்னா 1752க்கு முன்னாடி அவங்களுக்கு வருஷப் பொறப்பே மார்ச் 25 தான். எனக்கு இது ரொம்பப் புடிச்சுப்போச்சு.

சென்சஸ் 1790ல ஆரம்பிக்குது, ஆனா 1840 வரைக்கும் குடும்பத் தலைவர் பேரு மட்டும்தான், மத்தவங்க பேரெல்லாம் 1850லதான் வருது. அதனால பொண்டாட்டி புள்ளைங்க பேருக்கு உயிலு, நிலப் பத்திரம்னு போகணும், அதுவும் இங்கயே நெறைய இருக்கு.

ஒண்ணு மட்டும் கவனம், அதுல இருக்கற குடும்ப மரத்த யாரு வேணா திருத்தலாம், அதனால ஒவ்வொரு பேருக்கும் மூல ஆவணத்த தொறந்து பாத்துட்டு ஏத்துக்கோங்க. அஞ்சுக்கு நாலரை ஸ்டார்.