பழைய பிளேடுக்குக் கருப்புப் பெயிண்ட்: என் 16,700 ரூபாய் போன விதம்

லேத் பட்டறையிலிருந்து சற்று முன்புதான் வந்தேன். கையில் ஒட்டிய கிரீஸை முழுதாகத் துடைக்காமலேயே இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வட சென்னையில் மினி டிராக்டரும் புல்வெட்டியும் வைத்துப் பிழைப்பவர்கள் சிலர்தான் என்றாலும், அந்தச் சிலராவது என்னைப் போல ஏமாறக்கூடாது என்பது ஒரு காரணம். என் ஆத்திரத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். புல்வெட்டியின் பிளேடுகளைச் சாணைக்குக் கொடுத்ததில் எனக்குப் போனது 16,700 ரூபாய். பிளேடைக் கழற்றுவதிலும் சாணை பிடிப்பதிலும் திரும்ப மாட்டுவதிலும் கவனிக்க வேண்டியவற்றைக் கடைசியில் விரிவாகத் தருகிறேன்.

என்னிடம் இருப்பது 22 குதிரைத்திறன் கொண்ட சிறிய டிராக்டர். அதன் பின்புறம் மாட்டும் ஐந்தடி அகலப் புல்வெட்டியின் தகட்டுக் கூட்டுக்குள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 21 அங்குல நீளத்தில் மூன்று பிளேடுகள் படுத்த நிலையில் சுழலும். மணலியில் ஒரு கிடங்கு வளாகம், எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி ஒரு கண்டெய்னர் நிறுத்துமிடம், மாதவரத்தில் ஒரு விளையாட்டுத் திடல் என மூன்று இடங்களில் மாத ஒப்பந்தத்தில் புல் வெட்டிக் கொடுக்கிறேன். வண்டியை ஓட்டுவதும் நான்தான், கழுவுவதும் நான்தான். சம்பளத்துக்கு ஆள் கிடையாது.

இந்தப் பக்கத்து மண்ணில் பிளேடின் கூர் நீண்ட நாள் நிற்காது. கடலோர மணல் ஒருபுறம் அரத்தைப் போலத் தேய்க்க, புல்லுக்குள் மறைந்து கிடக்கும் ஜல்லியும் கட்டுக்கம்பியும் இன்னொருபுறம் பல் பல்லாகப் பெயர்த்துவிடும். ஐப்பசி மழை பிடித்ததும் கோரையும் அருகும் முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றபோது, என் பிளேடுகள் புல்லை வெட்டாமல் பிய்த்துக் கொண்டிருந்தன. வெட்டிய மறுநாள் புல்லின் நுனிகள் நாராகக் கிழிந்து வெளுத்துப் போயிருந்தால், சாணைக்கு நேரம் வந்துவிட்டது என்று பொருள். வழக்கமாக நான் போகும் தண்டையார்பேட்டைச் சாணைக்காரர் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பியிருக்கவில்லை. அவர் பிளேடுக்கு 150 ரூபாய் வாங்குவார். மூன்று நாள் இழுத்தடிப்பார். ஆனால் அவருடைய கல்லுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பக்கெட் தண்ணீர் இருக்கும். இரண்டு இழுப்புக்கு ஒரு முறை பிளேடை அதில் முக்கி எடுப்பார். அந்தப் பக்கெட் எதற்கு என்று இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் இல்லாத நேரத்தில்தான், கருவிகளை இருக்கும் இடத்துக்கே வந்து பழுது பார்த்துத் தரும் செயலி ஒன்றின் விளம்பரம் என் கைப்பேசியில் வந்தது. பிளேடுகளைக் கழற்றுதல், சாணை பிடித்தல், எடைச் சமநிலை பார்த்தல், திரும்ப மாட்டித் தருதல் எல்லாம் சேர்த்து 2,850 ரூபாய், 30 நாள் உத்தரவாதம் என்றிருந்தது. தொகை அதிகம் என்று தோன்றாமல் இல்லை. மணலி மேலாளர் தினமும் இரண்டு முறை அழைத்துக்கொண்டிருந்ததால் யோசிக்க நேரம் இல்லை.

மறுநாள் காலை வந்த பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அவன் வேலை செய்த விதத்தை நான் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என்னைக் கவிழ்த்தது அதுதான். வந்தவுடன், "அண்ணே, மொதல்ல சாவிய எடுத்து உங்க பாக்கெட்ல போட்டுக்கங்க" என்றான். ஹைட்ராலிக்கில் புல்வெட்டியைத் தூக்கிய பிறகு அதை மட்டும் நம்பாமல், இரண்டு பக்கமும் கனமான மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தான். தோல் கையுறை போட்டுக்கொண்டு, பிளேடு சுற்றாமலிருக்கக் கூட்டின் ஓரத்துக்கும் பிளேடுக்கும் நடுவில் ஒரு கட்டையைச் செருகி, நீளக் கைப்பிடி போட்ட பாக்ஸ் ஸ்பானரால் போல்ட்டை இளக்கினான். எந்த பிளேடு எந்த இடத்தில் இருந்தது என்பதற்காகச் சாக்பீஸால் 1, 2, 3 என்று எழுதினான். கடைசியாக ஒரு பிளேடை நடு ஓட்டையில் ஆணி கொடுத்துச் சுவரில் தொங்கவிட்டு, "பாருங்கண்ணே, ரெண்டு பக்கமும் படுத்த மாதிரி நேரா நிக்கணும். ஒரு பக்கம் எறங்குச்சுன்னா அந்தப் பக்கம் கனம் அதிகம்" என்று விளக்கினான். இவ்வளவு தெரிந்தவன் கையில் பிளேடைக் கொடுக்க யாருக்குத் தயக்கம் வரும்? டீ வாங்கிக் கொடுத்து, 2,850 ரூபாயையும் முன்பணமாகவே அனுப்பிவிட்டேன்.

அவன் எடுத்துப் போன பிளேடுகள் நான்காம் நாள் மாலை ஏழு மணிக்கு, தூறலில், வேறொருவன் கையில் வந்தன. மூன்றுக்கும் பளபளவென்று கருப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. ஈரம் முழுதாக உலராமல் விரலில் ஒட்டியது. கூரின் விளிம்பு மட்டும் வெள்ளிக் கோடாக மின்னியது. புது பிளேடு போலச் செய்து கொடுத்திருக்கிறார்கள் என்று நான் மகிழ்ந்தேன் என்பதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. சாக்பீஸ் எண்கள் பெயிண்டுக்கு அடியில் போய்விட்டன என்பதைக்கூட நான் கேட்கவில்லை. கொண்டு வந்தவன் என் கைப்பேசி வெளிச்சத்தில் இருபது நிமிடத்தில் மாட்டி முடித்து, "சார், ஓடிபி சொல்லுங்க, மழை வலுக்குது" என்றான். ஓட்டிப் பார்க்காமல் சொன்னேன்.

மறுநாள் மணலியில், டிராக்டர் என்ஜினின் சுழற்சியைப் புல்வெட்டிக்குக் கடத்தும் பி.டி.ஓ.வைப் போட்டவுடனேயே இருக்கைக்கு அடியில் ஓர் அதிர்வு தெரிந்தது. ஈரப் புல் அடைக்கிறது என்று நினைத்தேன். இரண்டாம் நாள் மட்கார்டு போல்ட் ஒன்று இளகி விழுந்தது. கியர் பெட்டியைச் சந்தேகித்து எண்ணெய் பார்த்தேன். மூன்றாம் நாள் பதினோரு மணிக்குக் கிரீஸ் கருகும் நாற்றம் வந்து, நடு பிளேடைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலிலிருந்து இரும்பை இரும்பு அரைக்கும் ஓசை கேட்டது. வண்டியை நிறுத்தி, பேரிங் உட்கார்ந்திருக்கும் கூடான ஹவுசிங்குக்கு அருகில் கையைக் கொண்டுபோனபோதே அனல் அடித்தது. பேரிங் உடைந்து, அதன் குண்டுகள் ஹவுசிங்கையும் உட்புறம் கீறிவிட்டிருந்தன.

லேத் பட்டறைக்காரர் ஸ்பிண்டிலைத் தொடுவதற்கு முன்பு பிளேடைத்தான் கேட்டார். வெட்டும் விளிம்பை ஒட்டிப் பழைய ஹாக்ஸா துண்டால் பெயிண்டைச் சுரண்டினார். அடியில் கருநீலம், அதை ஒட்டி ஊதா, அதற்கும் உள்ளே வைக்கோல் மஞ்சள் என்று மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டை வெளிப்பட்டது. இரும்பு 300 டிகிரி அளவுக்குச் சூடேறினால்தான் அந்த நீலம் வரும் என்றும், தண்ணீர் தொடாமல் கைக் கிரைண்டரை அழுத்திப் பிடித்துத் தேய்த்திருக்கிறார்கள் என்றும், விளிம்பின் பதம் போய்விட்டதால் அந்தக் கூர் ஒரு நாள்கூட நிற்காது என்றும் சொன்னார். தண்டையார்பேட்டைப் பக்கெட் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரண்டாவது பிளேடில் அதைவிட மோசம். கல் பட்டுப் பெயர்ந்திருந்த ஒரு பல்லை வெல்டிங் வைத்து நிரப்பி, மேலே தேய்த்துச் சமன் செய்து, பெயிண்ட் பூசி மறைத்திருந்தார்கள். அதை அவர் ஆணியில் மாட்டியதும், வெல்டிங் வைத்த பக்கம் தராசுத் தட்டைப் போலச் சட்டென்று கீழே இறங்கியது. அந்தப் பையன் எனக்குக் கற்றுக் கொடுத்த அதே சோதனை!

பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றினால், கியர் பெட்டியும் பெல்ட்டும் அதைப் பெருக்கி பிளேடை நிமிடத்துக்கு 3,000 சுற்று அளவில் ஓட்டுகின்றன. அந்த வேகத்தில் நுனி மணிக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டரில் போகிறது. நடுவிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி வெறும் 10 கிராம் எடை கூடுதலாக இருந்தால், அது பேரிங்கை 25 கிலோ பாரத்துக்குச் சமமான விசையோடு, ஒரு வினாடிக்கு ஐம்பது முறை திசை மாற்றி இழுக்கும். மூன்று நாள் தாங்கியதே பெரிது. வெல்டிங் வைத்த இடத்தை ஒட்டி இரும்பு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அந்தத் துண்டு பிய்த்துக்கொண்டு பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை, வளாகத்தின் மதிலுக்கு அந்தப் பக்கம் ஷிப்ட் முடிந்து பேருந்துக்கு நிற்கிறவர்களைத் தினமும் பார்க்கிற என்னால் நினைக்க முடியவில்லை.

இனி கணக்கு. செயலிக்குக் கொடுத்தது 2,850. ஸ்பிண்டில், பேரிங், ஹவுசிங் வேலைக்கு 5,950. மூன்று புதிய பிளேடுகளுக்கு 3,900. வேலை நின்றுபோனதற்காக மணலி ஒப்பந்தத்தில் பிடித்த தொகை 4,000. மொத்தம் 16,700 ரூபாய். புது பிளேடு ஒன்று 1,300 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று முதலிலேயே விசாரித்திருந்தால் இந்த வம்பே இல்லை.

அதன் பிறகு நடந்ததுதான் பிளேடைவிட அதிகமாக அறுத்தது. செயலியின் உரையாடல் பெட்டியில் புகைப்படங்களோடு புகார் போட்டேன். "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று ஆறு முறை பதில் வந்தது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஒரு பெண், "சார், நீங்க ஓடிபி குடுத்துட்டீங்க, வேலை திருப்தியா முடிஞ்சதாதான் சார் காட்டுது" என்றார். 30 நாள் உத்தரவாதம் என்னவாயிற்று என்றேன். அது சேவைக்குத்தான், பாகத்துக்கு இல்லை என்றார். சாணை பிடித்தது சேவையா பாகமா என்று கேட்டதற்கு மேலதிகாரிக்கு மாற்றுவதாகச் சொன்னார், இசை கேட்டது, இணைப்பு அறுந்தது. மறுநாள் பேசிய மேலதிகாரி, வண்டியைத் தொழிலுக்குப் பயன்படுத்துகிறவர்களுக்கு உத்தரவாதமே கிடையாது என்று புதிதாக ஒரு விதியைச் சொன்னார். முதலில் வந்த பையனின் எண்ணைத் தேடி அழைத்தேன். "அண்ணே, நான் எடுத்துட்டுப் போய்க் குடுத்ததோட சரி. சாணை போட்டது வேற எடம்ணே, எனக்கே தெரியாது" என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அதற்குப் பிறகு அந்த எண்ணும் எடுக்கப்படவில்லை. கடைசியில் செயலி எனக்கு இழப்பீடாக, அடுத்த சேவையில் பயன்படுத்திக்கொள்ள 200 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியது. 16,700 ரூபாய்க்கு 200 ரூபாய்க் கூப்பன், அதுவும் அவர்களிடமே திரும்பப் போவதற்கு!

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிந்துவிட்டேன். தொழிலுக்குப் பயன்படுத்துகிறவர்களுக்கு உத்தரவாதம் கிடையாது என்று அந்த மேலதிகாரி சொன்னதை நம்பி யாரும் ஒதுங்கிவிட வேண்டாம். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்துகிறவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். உதவி எண்ணில் தீராவிட்டால் அங்கே போவதாக இருக்கிறேன்.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன். பேரிங் வாங்கப் பாரிமுனைக்குக் கடை அடைப்பதற்குள் போயாக வேண்டும் என்பதால் முக்கியமானவற்றை மட்டும் எழுதுகிறேன். பெயிண்ட் அடித்து வந்த பிளேடை வாங்காதீர்கள். வாங்க நேர்ந்தால் விளிம்பைச் சுரண்டிப் பாருங்கள், நீலம் தெரிந்தால் மாட்டாதீர்கள். வெல்டிங் தடம் இருந்தாலும், மேல்நோக்கி வளைந்த இறகுப் பகுதியின் அடி மெலிந்திருந்தாலும், கீறல் விட்டிருந்தாலும் அந்த பிளேடு பழைய இரும்புக் கடைக்குத்தான். ஆணியில் தொங்கவிட்டு நீங்களே பாருங்கள். சவரக் கத்தி போலத் தீட்டச் சொல்லாதீர்கள். பழைய சரிவையே பின்பற்றி மேல் பக்கத்திலிருந்து மட்டும் தேய்த்தால் போதும், விளிம்பில் அரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கலாம். மாட்டும்போது இறகு கூட்டை நோக்கி மேலே இருக்க வேண்டும். சில புல்வெட்டிகளில் போல்ட்டின் மரை எதிர்ப்பக்கமாக இருக்கும். இளகவில்லை என்று குழாய் போட்டு முறுக்குவதற்கு முன் கையேட்டைப் பாருங்கள். வண்டியை முழு வேகத்தில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்காமல், மழையே கொட்டினாலும், ஓடிபி சொல்லாதீர்கள்.