ஆறு வருஷம், ஒரே லென்ஸ்: சஸ்காச்சுவான் சமவெளியில் 70-200

வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. தூரத்தில் இருப்பதை அருகே இழுத்துக் காட்டும் 70-200 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ் (எண் கூடக்கூட இழுப்பும் கூடும்), எஃப்/4, ஜூம் செய்தாலும் மூக்கு நீளாத ரகம். செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். கம்பெனி பெயரைச் சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும் என்பதால் சொல்லவில்லை. பெரிய கம்பெனிகள் எல்லாவற்றிலும் இதே போல ஒன்று உண்டு. நான் எழுதப்போவது பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும். பின்னால் மாட்டியிருப்பது 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமரா. இடம், கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம்: தலைநகர் ரெஜைனாவைச் சுற்றியுள்ள கோதுமை நிலமும், அதற்குத் தெற்கே அமெரிக்க எல்லை வரை போகும் புல்வெளியும். நேரம், எப்போதும் சாயங்காலம். விடியற்காலையில் எழுந்து கிளம்பும் நல்ல பழக்கம் எனக்கு இல்லை.

இங்கே வந்த முதல் வருஷம் இந்த லென்ஸ் இல்லை. பரந்த நிலம், பரந்த வானம், அப்படியானால் அகலமான காட்சியை அடக்கும் வைட் லென்ஸ்தான் என்று கணக்குப் போட்டு ஒரு 16-35ஐத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். வந்த படங்களில் மேலே பாதி நீலம், கீழே பாதி பழுப்பு, நடுவில் ஒரு கோடு. கோட்டின் மேல் எறும்பு மாதிரி ஏதோ ஒன்று. அதுதான் நான் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப்போய்ப் பார்த்த எலிவேட்டர். (லிஃப்ட் இல்லை. ரயில் பாதையோரம் நிற்கும் தானியக் கிடங்கை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். மரத்தாலானது, இருபது மீட்டருக்கு மேல் உயரம். 1930களில் கனடாவின் மூன்று பிரெய்ரி மாகாணங்களிலும் சேர்த்து 5,700-க்கும் மேல் இருந்தன, பெரும்பாலானவற்றை இடித்துவிட்டார்கள்.) அதே இடத்துக்கு 70-200ஐ எடுத்துப் போனபோது எலிவேட்டர் எலிவேட்டராகத் தெரிந்தது, பின்னால் எழும்பிய மேகம் மலை மாதிரி வந்து நின்றது. 16-35ஐ அந்தக் குளிர்காலத்திலேயே விற்றுவிட்டேன்.

ஊரிலிருந்து வந்தவனுக்கு முதலில் பிடிபடாதது, இங்கே அந்தி முடியாமல் நீள்வதுதான். சென்னையில் சூரியன் கிட்டத்தட்ட நேராக விழும். மறைந்து அரை மணி நேரத்துக்குள் இருட்டிவிடும். ரெஜைனா 50 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஜூனில் சூரியன் படுத்தவாக்கில், சரிந்து சரிந்து இறங்குகிறது. ஒன்பதேகால் வாக்கில் மறைந்த பிறகும் நாற்பது நிமிடம் போலப் படம் எடுக்க வெளிச்சம் இருக்கும். முல்லைக்குச் சிறுபொழுது மாலை என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது இந்தப் புல்வெளியில் நின்றபோது நினைவுக்கு வந்தது, சிரிப்பும் வந்தது. டிசம்பரில் கதை வேறு. ஐந்து மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், ஆபீஸ் விட்டு வந்தால் நட்சத்திரம்தான்.

தட்டை என்று பெயர் வாங்கிய நிலம் அவ்வளவு தட்டை இல்லை என்று தெரிவதும் இந்த நேரத்தில்தான். சூரியன் ஐந்து டிகிரிக்குக் கீழே வந்துவிட்டால் ஒரு முழ உயர மேடுகூட நீளமாக நிழல் போடும். அறுத்த கோதுமைத் தாள் வரிசை வரிசையாக எழும்பும். 200ல் வைத்துப் பார்த்தால் அந்த வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாய் அடுக்கியது போல நெருங்கி வரும். செப்டம்பரில் அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசி இதில் சேர்ந்தால், அந்த ஒரு மணி நேரத்துக்காக வருஷம் முழுக்க இந்த லென்ஸைச் சுமக்கலாம்.

எண்ணெய் வித்துப் பயிரான கனோலா மஞ்சளாகப் பூக்கும் ஜூலையில் மட்டும் கவனம் வேண்டும். அந்த மஞ்சளில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து நிரம்பி வழியும், நீலம் காலியாக இருக்கும். கேமரா திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான சாதாரண ஹிஸ்டோகிராம் எல்லாம் சரி என்று சொல்லும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைப் பார்த்தால்தான் சிவப்பு சுவரில் முட்டிக்கொண்டிருப்பது தெரியும். நான் வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்தே எடுக்கிறேன். ஆளிப் பூவின் நீலத்தை அந்தி வெளிச்சத்தில் எடுக்கும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். அது காலையில் விரிந்து, பெரும்பாலும் மதியத்தோடு இதழ் உதிர்ந்துவிடும். இரண்டு ஜூலை மாதங்களை வீணடித்த பிறகு ஒரு விவசாயி சொல்லித் தெரிந்துகொண்டேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இப்போது லென்ஸ்மேல் எனக்கு வந்த பெரிய சந்தேகம். இரண்டாவது கோடையில் 200ல் எடுத்த படங்கள் எல்லாம் மொழுக்கென்று இருந்தன. எலிவேட்டரின் பலகைக் கோடுகள் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல நெளிந்தன. ஃபோகஸ் தப்பு என்று நினைத்தேன், டிரைபாட் ஆடுகிறது என்று நினைத்தேன், கடைசியில் ஒரு சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். ஐந்து வாரம் வைத்திருந்து, ஒரு குறையும் இல்லை என்று ஒற்றை வரிச் சீட்டோடு திருப்பி அனுப்பினார்கள். பில் மட்டும் ஒற்றை வரியாக இல்லை. அப்புறம் ஒருநாள் ஒரே இடத்தில் டிரைபாடை வைத்து, ஆறு மணியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். ஆறு மணிப் படத்தில் நெளிவு. எட்டரைக்குக் கொஞ்சம் அடங்கியது. சூரியன் மறைந்து கால் மணி நேரம் கழித்து எடுத்ததில் பலகைகளை எண்ணலாம் போல இருந்தது. வெயிலில் சுட்ட நிலத்திலிருந்து எழும் காற்று, மூன்று நான்கு கிலோமீட்டர் தூரத்துக்கு அதன் வழியே பார்த்தால் எந்தக் கண்ணாடியும் தோற்றுப்போகும். அன்றிலிருந்து கோடையில் தூரத்துப் பொருளைச் சீக்கிரம் எடுப்பதில்லை. சூரியன் இருக்கும்வரை அருகில் உள்ளதை எடுப்பேன், போன பிறகு தூரத்தில் உள்ளதை.

போன பிறகு மேற்கைப் பார்ப்பதையும் குறைத்துக்கொண்டேன். முதுகைத் திருப்பி கிழக்கைப் பார்த்தால், அடிவானத்தில் சாம்பல் கலந்த நீலப் பட்டை ஒன்று மெல்ல எழும்பும். அது பூமியின் நிழல். அதற்கு மேலே இளஞ்சிவப்பாக இன்னொரு பட்டை. ஆங்கிலத்தில் இதை வீனஸின் இடைப்பட்டை என்பார்கள். எனக்கு ஒட்டியாணம் என்றே சொல்லத் தோன்றுகிறது. மலையோ மரமோ மறைக்காத நிலம் என்பதால் அடியிலிருந்து முழுசாகத் தெரியும். 70க்கும் 100க்கும் நடுவில் இந்த இரண்டு பட்டையும் கீழே ஒரு கீற்று வயலும் சரியாக அடங்கும். நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் அந்தச் சிவப்பைப் பெரும்பாலும் கழுவிவிடும். நான் டேலைட்டில் பூட்டியே வைத்திருக்கிறேன்.

காற்று பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இங்கே அது எப்போதும் உண்டு. லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பான ஹூட் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். சூரியன் போனதும் முதல் வேலையாக ஹூட்டைக் கழற்றுவேன். டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்துவதே இல்லை, கால்களைக் குட்டையாக்கி காரின் மறைவில் வைப்பேன். பையைக் கொக்கியில் மாட்டினால் அது ஊஞ்சலாடி இன்னும் கெடுக்கும். ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்வு அளவு) 800க்கு ஏற்றி ஷட்டரை 1/250 நொடியில் வைப்பது, 100ல் பிடிவாதம் பிடிப்பதைவிட மேல்.

தூசி விஷயத்தில் லென்ஸுக்கு நல்ல மார்க். ஜல்லி ரோட்டில் ஒரு லாரி போனால் பத்து நிமிடம் புழுதி நிற்கும், ஆனால் குழாய் வெளியே நீளாததால் உள்ளே அதிகம் போகவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் நான்கைந்து புள்ளி இருக்கும், படத்தில் தெரிந்ததில்லை. சேறு வேறு விஷயம். ரெஜைனாவைச் சுற்றி களிமண். இங்கே அதை கம்போ என்பார்கள். 2021ல் ஒரு மழைக்குப் பிறகு வானம் வெளுத்ததைப் பார்த்துவிட்டு மண் ரோட்டில் திருப்பினேன். ஐம்பது மீட்டர்தான். சக்கரத்தில் களிமண் அப்பி அப்பி, நான்கும் உருண்டைக் கொழுக்கட்டையாகி கார் நின்றுவிட்டது. ஒரு விவசாயி டிரக்கில் வந்து இழுத்துவிட்டார், காசு வாங்கவில்லை. இழுபட்ட நேரத்தில் பின்னால் முழு வானவில் இருந்தது. எடுக்கவில்லை, எடுத்திருந்தால் அவர் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போயிருப்பார்.

இன்னொன்று. 2022 ஜனவரியிலிருந்து இந்த மாகாணத்தில் ஒருவர் நிலத்துக்குள் போக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், வேலி இல்லை, போர்டு இல்லை என்ற சாக்கு செல்லாது. கைவிடப்பட்ட பழைய வீடுகளை நான் எடுப்பது எல்லாம் ரோட்டோரத்திலிருந்துதான். அதற்கும் 200 போதுமாக இருக்கிறது. புல்லுக்குள் இறங்காததால் மே, ஜூனில் உண்ணிக்கும் தப்பினேன்.

குளிரில், மைனஸ் 25ல், ஜூம் வளையம் கெட்டியாகும், ஆனால் நின்றதில்லை. பேட்டரிதான் படுத்துவிடும், ஒன்றைச் சட்டையின் உள்பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நுழையும் முன் கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிவிட்டால் வியர்க்காது.

பிடிக்காதவை இரண்டு. லென்ஸை டிரைபாடில் பொருத்தும் வளையமான டிரைபாட் காலர் தனியாக வாங்க வேண்டியிருந்தது, அதன் விலை கொள்ளை. இரண்டாவது, சூரியனை நேராக வைத்து எடுத்தால் எதிர் மூலையில் ஒரு பச்சைப் பொட்டு வருகிறது, சூரியனை நடுவுக்குக் கொண்டுவந்தால்தான் போகும்.

நடுவுக்குக் கொண்டுவர இங்கே ஒரு வசதி இருக்கிறது. பிரெய்ரி நிலத்தை ஒரு மைல் சதுரங்களாக அளந்து பிரித்ததால் ரோடுகள் பெரும்பாலும் நேர் கிழக்கு மேற்கு, நேர் வடக்கு தெற்கு. ஜூனில் சூரியன் மேற்கிலிருந்து ஏறக்குறைய 39 டிகிரி வடக்கே தள்ளி மறையும், டிசம்பரில் அதே அளவு தெற்கே. நடுவில் மார்ச் 20ஐயும் செப்டம்பர் 22, 23ஐயும் ஒட்டிய இரண்டு மூன்று நாள் மட்டும் ரோட்டின் நுனியிலேயே இறங்கும். ஜல்லிக்கல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு விரல் நிழல் நீளும். 200லும் சூரியன் சென்சாரில் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது, ஆனாலும் கண் நேராக அங்கேதான் போகும். போன வருஷம் புகை, அதற்கு முந்தைய வருஷம் மேகம். இந்த வருஷம் போவதற்குள் டிரைபாட் கால் பூட்டுகளில் காய்ந்து கிடக்கும் கம்போவைக் கழுவ வேண்டும்.