நாய்க்கோட்டுன்னு 7,400 ரூபாயை ஏமாந்தேன், மலையில சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நாட்டு நாய் வளக்குறவங்க படிச்சிருங்க

7,400 ரூபா. மொதல்லயே சொல்லிடுறேன், ரெண்டு வாரமா இந்த நம்பர்தான் மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு. நேத்து சாயங்காலம் அந்தப் பேஜ்காரன் என்னை பிளாக் பண்ணிட்டான், அதான் இன்னிக்கு உக்காந்து எழுதுறேன். பேர் போடல, போட்டா நாளைக்கே வேற பேர்ல வருவான். ரீல்ஸ்ல "நாட்டு நாய்களுக்கான குளிர்கால உடை"ன்னு விக்கிற ஒரு பேஜ், அவ்ளோதான் சொல்லுவேன்.

எனக்கு ஊரு கோவில்பட்டி பக்கம். வீட்டம்மாவுக்கு நீலகிரியில வேலை போட்டாங்க, ஜூன் மாசம் குடி வந்தோம், ஊட்டி தலைகுந்தா கிட்ட வாடகை வீடு. கூடவே எங்க செவலையும் வந்துச்சு. ஒன்றரை வயசு சிப்பிப்பாறை பெட்டை, தோள்பட்டை உசரம் 25 இஞ்ச், வயிறு முதுகோட ஒட்டிக் கெடக்கும், விலா எலும்பை எண்ணிரலாம். இங்க பாக்குறவங்க எல்லாம் "சோறு போடுறீங்களா இல்லையா"ன்னு கேக்குறாங்க, அந்த ஜாதியே அப்படித்தாங்க, முயல் வெரட்டுறதுக்குன்னே பொறந்த ஒடம்பு (இப்ப யாரும் வேட்டைக்குப் போறதில்ல, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் போனா உள்ளதான்). சாத்தூர், கோவில்பட்டி கரிசக்காட்டு வெயில்ல ஓடுறதுக்கு ஆன நாய். மேல ஒத்த அடுக்கு முடி மட்டும்தான், வெல்வெட் மாதிரி, அடியில பஞ்சு மாதிரி இருக்கிற இன்னொரு அடுக்கு கெடையாது. தோல் மெலிசு, கொழுப்புன்னு ஒண்ணு பேருக்குத்தான். குளிரைத் தாங்க அதுகிட்ட என்ன இருக்கு சொல்லுங்க.

ஊருல மார்கழி விடியக்காலையில கூட 20 டிகிரி கிட்ட இருக்கும். இங்க ராத்திரி பூஜ்யத்தைத் தொட்டுட்டு வருது, காலையில புல்லு மேல உப்பு தூவுன மாதிரி ஒறபனி. இதுல வீட்டு ஓனர் குடி வரும்போதே சொல்லிட்டாரு, நாய் வீட்டுக்குள்ள வரக்கூடாது, வராண்டாவுலதான் கெடக்கணும்னு. ஜூன்ல தலையாட்டிட்டேன், நவம்பர்ல முழிச்சேன்.

ஊட்டி மார்க்கெட்டுல போய்ப் பாத்தா லேப்ரடாருக்கு இருக்கு, பக்குக்கு இருக்கு, பொமரேனியனுக்கு ஃபிரில் வச்சு இருக்கு. செவலைக்குப் போட்டுப் பாத்தா நெஞ்சுல இறுக்குது, இடுப்புல சாக்கு மாதிரி தொங்குது. அப்பத்தான் அந்த ரீல்ஸ் வந்துச்சு, ஒரு மெலிஞ்ச நாய் கோட்டு போட்டுக்கிட்டு பனியில ஓடுது, கீழ "சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் அளவுக்கே தெச்சுத் தர்றோம்".

நான் ஒண்ணும் பாத்த ஒடனே பணம் போடுற ஆள் இல்லைங்க. வாட்ஸப்ல மூணு நாள் பேசிருக்கேன். அவன் வாய்ஸ் நோட்டு அனுப்புவான், நல்ல தெக்கத்திப் பேச்சு. "அண்ணே, லேப்ரடார் சைஸ் நம்ம நாய்க்குச் சேராதுண்ணே, கழுத்தடியில இருந்து வால் முட்டு வரைக்கும் ஒரு அளவு, முன்னங்கால் பின்னாடி நெஞ்சு சுத்தளவு ஒண்ணு, இடுப்பு தனியா ஒண்ணு, நாய் நின்னுக்கிட்டு இருக்கும்போது எடுங்க, படுத்திருக்கும்போது எடுக்காதீங்க"ன்னான். இதைக் கேட்டதும் நான் விழுந்துட்டேன். ஏன்னா இது சரியான பேச்சு, நாயை வச்சிருக்கிறவனுக்குத்தான் தெரியும். அதோட விட்டானா, "என்கிட்ட ரெண்டு கன்னி இருக்குண்ணே, 2005ல ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலையே விட்டாங்க, நம்ம ஆளுங்கதான் மதிக்கல, பூரா பேரும் ஹஸ்கி பின்னாடி போறான்"னு ஒரு வருத்தம் வேற. தபால் தலை சமாச்சாரம் உண்மைதான். அந்த உண்மையைச் சொல்லித்தான் பொய்யை வித்திருக்கான். அன்னிக்கு ராத்திரி வீட்டம்மாகிட்ட "நம்ம ஆளும்மா"ன்னு சொன்னேன், இப்ப நெனச்சா பல்லைக் கடிக்கத் தோணுது.

கோட்டு 4,600, கரண்ட்ல சூடாகுற மேட்டு 2,800, மொத்தம் 7,400. வீட்டுக்கு வந்ததும் காசு குடுக்கலாமான்னு கேட்டேன். "அளவுக்குத் தெக்கிறதுண்ணே, நீங்க வேண்டாம்னுட்டா வேற நாய்க்கு ஆகாது"ன்னான். அதுவும் நியாயமாத்தான் பட்டுச்சு. நவம்பர் 20ம் தேதி ஜிபே பண்ணேன். அஞ்சு நாள்ல வரும்னான், டிசம்பர் 12 வந்துச்சு.

கோட்டைப் பிரிச்சா உள்ள ஃபிளீஸும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. ரெண்டு பாலியஸ்டர் துணிக்கு நடுவுல பார்சல்ல சுத்துற ஸ்பான்ஜ் ஷீட்டு, கையில எடுத்தா சரசரன்னு சத்தம். கழுத்துல எக்ஸ்எல்னு ஸ்டிக்கர். செவலை நெஞ்சு 27 இஞ்ச், நான் மூணு தடவை டேப் புடிச்சு போட்டோ எடுத்து அனுப்புனது. கோட்டு சுத்தளவு 22. வெல்க்ரோவுக்கும் வெல்க்ரோவுக்கும் நடுவுல அஞ்சு இஞ்ச் எடைவெளி, நெஞ்சடி பூரா தெறந்து கெடக்கு. முடியே இல்லாத எடமே அந்த நெஞ்சடியும் வயிறும்தான், அதை மூடாம முதுகுல போர்வை போட்டு என்ன பிரயோஜனம்.

ஒடனே மெசேஜ் போட்டேன். "சாரிண்ணே, தெச்ச எடத்துல மாத்தி அனுப்பிட்டாங்க, வேற அனுப்புறேன், அதுவரைக்கும் மேட்டைப் போடுங்க, மேட்டுக்கு அடியில சாக்கு கீக்கு போட்டுராதீங்க, தீப்புடிச்சிரும்"னான். நானும் மடையன் மாதிரி அதுவரைக்கும் போட்டிருந்த ரெண்டு சாக்கையும் உருவிட்டு, வெறும் சிமெண்டு தரையில மேட்டைப் போட்டு, மேல என் பழைய சட்டையைப் போட்டுப் படுக்க வச்சேன். கதகதன்னுதான் இருந்துச்சு. செவலையும் ஒரு சுத்து சுத்தி சுருண்டு படுத்து மூக்கை வாலுக்குள்ள விட்டுக்கிச்சு. நிம்மதியாப் போய்ப் படுத்தேன்.

காலையில நாலரைக்கு எந்திரிச்சுப் போறேன், வராண்டாவுல பிளாஸ்டிக் கருகுன வாடை. மேட்டு செத்துக் கெடக்கு, ஒரு மூலையில தோசை கருகுன மாதிரி பிரவுன் கலர்ல வட்டம். செவலை படுக்கல, செவுத்து ஓரமா நாலு காலையும் ஒண்ணாச் சேத்து முதுகைக் கூன் போட்டு நிக்குது. கூப்டேன், வால் ஆடல. காதைத் தொட்டேன், ஃபிரிட்ஜுக்குள்ள இருந்து எடுத்த எவர்சில்வர் டம்ளரைத் தொட்ட மாதிரி சில்லுன்னு. அதைவிட பயமா இருந்தது என்னன்னா, நடுக்கமே இல்ல. நான் கூட "நடுங்கல, பரவாயில்ல"ன்னு ஒரு செகண்டு நெனச்சேன். அது தப்புங்க. நல்லா சில்லிட்டுப் போனப்புறம் நாய் நடுங்குறதை நிறுத்திரும், அப்பத்தான் ஆபத்தே.

ஓனராவது ஒண்ணாவது, தூக்கிட்டு உள்ள வந்துட்டேன். வீட்டம்மா ரெண்டு பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி துண்டுல சுத்தி விலாவுக்கு ரெண்டு பக்கமும் வச்சா, மேல ரெண்டு கம்பளி. ஆறரைக்கு டாக்டர்கிட்ட போனோம், அவரு ஆசனவாய்ல தெர்மாமீட்டர் வச்சுப் பாத்துட்டு 97.8ன்னாரு. நாய்க்கு 101ல இருந்து 102.5 ஃபாரன்ஹீட் வரைக்கும் இருக்கணும், நமக்குத்தான் 98.6 நார்மல், நாய்க்கு அது கொறைச்சல். வீட்டுலயே சூடு குடுத்து ரெண்டு மணி நேரம் கழிச்சே 97.8ன்னா நாலரைக்கு என்ன இருந்திருக்கும்னு நெனச்சுப் பாக்கவே பிடிக்கல. கை காலைத் தேச்சு விடாதது நல்லதுன்னாரு, ஒடம்பு நடுப்பகுதியைத்தான் மொதல்ல சூடாக்கணுமாம், சுடுதண்ணியில போட்டு முக்குறதெல்லாம் கூடவே கூடாதாம். மத்தியானம் களியும் முட்டையும் தின்னுட்டு என் காலு மேல தலையை வச்சுத் தூங்குச்சு. அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு, கூடவே கோவமும்.

அதுக்கப்புறம் அவன் சொன்னதை எல்லாம் வரிசையா கேளுங்க. மொத நாள் "அய்யோ அண்ணே, செவலை எப்படி இருக்கு"ன்னு கேட்டான், அந்த ஒரு கேள்விக்காக ரெண்டு நாள் பொறுத்தேன். அப்புறம் "டீம்ல சொல்லியிருக்கேன்". அப்புறம் "உங்க ஏரியாவுல வோல்டேஜ் பிரச்சனை இருக்கும்". அப்புறம் "நாய் ஒண்ணுக்குப் போயிருக்கும், நனைஞ்சா வாரண்டி கிடையாது". நாய்க்கு விக்கிற மேட்டு, நாய் ஒண்ணுக்குப் போனா வாரண்டி இல்லையாம்! கோட்டையாவது திருப்பி எடுத்துக்கோன்னா "முடி ஒட்டியிருக்கு சார், யூஸ் பண்ண பொருள் ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார்". அண்ணே போய் சார் ஆயிட்டேன். கருகுன மூலையை போட்டோ எடுத்து அனுப்புனா கட்டை வெரல் எமோஜி ஒண்ணு. கடைசியா 7,400ல பாதியாவது போடுப்பான்னு கேட்டேன், வெக்கத்தை விட்டு. நீல டிக் விழுந்துச்சு, அஞ்சு நிமிஷத்துல டிபி போட்டோ காணாமப் போச்சு.

பிளாக் ஆனப்புறம் என் தம்பி போன்ல இருந்து அந்த ரீல்ஸைத் திரும்பப் பாத்தேன். அது சிப்பிப்பாறையே இல்ல, வெளிநாட்டு கிரேஹவுண்டு. பின்னாடி செவுத்துல இருக்கிற பிளக் பாயிண்ட்டு கூட நம்மூர் மாதிரி இல்ல. அன்னிக்கு இது கண்ணுல படவே இல்லையேன்னு நெனச்சா எவன் மேல கோவப்படுறதுன்னே தெரியல.

எங்கய்யாவுக்கு போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "ஏழாயிரத்து நானூறா? நாய்க்கா?" அப்புறம், "ஏப்பா, ஒரு வெள்ளாடு புடிச்சிருக்கலாமே." அதோட விட்டாரேன்னு இருந்துச்சு.

இப்ப செவலை போட்டிருக்கிற கோட்டு எவ்ளோ தெரியுமா, 750. பக்கத்து லைன்ல ஒரு தாத்தா இருக்காரு, சிலோன்ல இருந்து வந்து தேயிலைத் தோட்டத்துல வேலை பாத்தவரு, அவருதான் "கம்பளியில தெச்சுப் போடுங்க தம்பி, நனைஞ்சாலும் கொஞ்சம் சூடு நிக்கும்"னு சொல்லி டெய்லர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. கம்பளி 400, தையக்கூலி 350. டெய்லர் டேப் வச்சு அளக்க அளக்க செவலை டேப்பை நக்கிக்கிட்டே நின்னுச்சு, அவரு பயந்துக்கிட்டே நெஞ்சு 27ன்னு எழுதுனாரு. நெஞ்சடியை மூடி, கழுத்துல காது வரைக்கும் ஏத்தி விடுற மாதிரி ஒரு மடிப்பு வச்சுத் தெச்சுட்டாரு. நீளக் கழுத்து நாய்க்கு அது ரொம்ப முக்கியம், காது நுனியும் வால் நுனியும்தான் மொதல்ல சில்லிடும்.

குளிர்ல நாய் வளக்குறதைப் பத்தி விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், திட்டித் தீக்கவே நேரம் போயிருச்சு. அவசரத்துக்கு இதை மட்டும் வச்சுக்கங்க. தரையில நேரா படுக்க வைக்காதீங்க, கயித்துக் கட்டிலோ பலகையோ நாலு இஞ்ச் ஒசரத்துல போட்டு மேல சாக்கும் வைக்கோலும் போடுங்க, வைக்கோல் நனைஞ்சா அன்னிக்கே மாத்துங்க. எலும்பு நாய், முட்டியில காய்ப்பு வேற வரும். கோட்டு ஈரமாச்சுன்னா கழட்டிருங்க, ஈரக் கோட்டுக்குக் கோட்டே இல்லாம இருக்கலாம். சூடாகுற மேட்டெல்லாம் நீங்க முழிச்சிருக்கும்போது மட்டும், ஐஎஸ்ஐ முத்திரை இல்லன்னா வீட்டுக்குள்ளயே விடாதீங்க. மேட்டு வேண்டாம்னு கரி அடுப்பை மூடுன ரூம்ல வச்சுராதீங்க, அதுல வர்ற விஷ வாயு கண்ணுக்குத் தெரியாது, மலைக்குச் சுத்திப் பாக்க வந்தவங்களே அப்படித் தூக்கத்துல போயிருக்காங்க, நாய்க்கும் அதே கதிதான். பணம் போன ஒடனே சைபர் மோசடிக்கான 1930க்கு போன் அடிங்க, நான் அடிக்காம "டீம்ல சொல்லியிருக்கேன்"ன்னதை நம்பி ஒக்காந்திருந்தேன். இப்ப 1915ல நுகர்வோர் கம்ப்ளெய்ண்ட் பதிஞ்சிருக்கேன், ஒரு நம்பர் குடுத்திருக்காங்க, பாப்போம்.

அந்த 7,400 ரூபா கோட்டைத் தூக்கிப் போடல, சாட்சிக்கு வேணும்னு அட்டைப்பெட்டியிலயே வச்சிருக்கேன். இன்னிக்குக் காலையில தம்பி ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பிருக்கான். அதே வீடியோ, அதே கிரேஹவுண்டு, பேஜ் பேரு மட்டும் புதுசு. பொங்கல் ஆஃபர்னு போட்டு 6,999.