பாசி பிடித்த நீச்சல் தடாகத்துக்குக் குளோரினா, சீனக்காரமா?

பண்டாரவளைப் பக்கம் மச்சானும் நானும் நடத்தும் சின்ன விடுதியில் ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது. 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரி 1.4 மீற்றர் ஆழம். கிட்டத்தட்ட 45,000 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். ஒக்டோபர் மழை தொடங்கினால் பூலை மூடிவிடுவோம். ஏப்ரல் சீசனுக்காக மார்ச்சில் திறந்தால் வருடா வருடம் ஒரே காட்சிதான்: மேலே யூக்கலிப்டஸ் சருகு, அதற்குக் கீழே பிளேன்டீ நிறத்தில் தண்ணீர், சுவரெல்லாம் வழுவழுவென்று பாசி.

மூன்று வருடத்தில் மூன்று வழியையும் பார்த்தாயிற்று. முதல் வருடம் முழுத் தண்ணீரையும் இறைத்தோம். அடுத்த வருடம் சீனக்காரம் (படிகாரம்). இந்த வருடம் குளோரினும் பில்டரும் மட்டும். என் ஓட்டு கடைசி வழிக்கு. மச்சான் இன்னும் சீனக்காரக் கட்சிதான்.

எந்த வழிக்குப் போனாலும் முதலில் சருகை வலையால் அள்ளிவிட வேண்டும். சருகு கிடக்கும்வரை போடும் குளோரினையெல்லாம் அதுவே தின்றுவிடும்.

இறைப்பதுதான் லேசு என்று நினைத்து முதல் வருடம் மோட்டாரைப் போட்டோம். நான்கு மாத மழையில் ஊறிய நிலம் என்பதை யோசிக்கவில்லை. பூலில் தண்ணீர் இருக்கும்வரை அதன் பாரம் தரையை அமுக்கி வைத்திருக்கும். அது போனதும் நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளத் தொடங்கும். சில இடங்களில் தொட்டியே மேலே கிளம்பிவிடுவதுண்டு. எங்களுக்குத் தரையில் எட்டு டைல்கள் பெயர்ந்ததோடு போனது.

டைலைவிடப் பெரிய தலைவலி தண்ணீர். எங்கள் குழாய்க்கு வரும் அதே ஊற்றிலிருந்துதான் கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பீலிக்கும் (தண்ணீர் பிடிக்கும் இடம்) போகிறது. நிரப்பத் தொடங்கி மூன்றாம் நாள் லயத்து அக்கா ஒருவர் குடத்தோடு வாசலில் வந்து நின்றார். “தம்பி, நீங்க நீந்துறதுக்குத் தண்ணி புடிக்கிறீங்க. எங்களுக்கு உலை வைக்கத் தண்ணி இல்ல.” அன்றே குழாயைப் பூட்டிவிட்டு மிச்சத்துக்குப் பவுசர் (தண்ணீர் லொறி) எடுத்தோம். இறைத்த தண்ணீர் போன வழியும் சரியில்லை. 45 தொன் தண்ணீரைச் சரிவில் திறந்துவிட்டிருக்கிறோம். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டம் மண்சரிவில் மண்ணுக்குள் போனதைப் பார்த்த பதுளை மாவட்டத்தில் இது செய்கிற வேலையா?

அதிலிருந்து எந்த வழியையும் எத்தனை லீற்றர் குடிக்கும் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

சீனக்காரத்துக்கு வருவோம். கிணற்றுத் தண்ணீரைத் தெளிய வைக்கப் பழைய ஆட்கள் போட்டதுதான். மிதக்கும் நுண்துகள்களைத் திரட்டிக் கட்டியாக்கி அடியில் படிய வைக்கும். பில்டரால் பிடிக்க முடியாத பொடியையும் இது பிடிக்கும். சரியாக வேலை செய்தால் ஒரே இரவில் தரை தெரியும். அந்த விஷயத்தில் மச்சான் சொல்வது நியாயம்தான்.

ஆனால் நம்முடைய மலைத் தண்ணீர் மென்மையானது, காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தாங்கும் சக்தி, குறைவு. ஒரு மில்லிகிராம் சீனக்காரம் அரை மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும். நாங்கள் லீற்றருக்கு 50 மில்லிகிராம் கணக்கில் இரண்டேகால் கிலோ போட்டோம். லீற்றருக்கு 25 மில்லிகிராம் காரத்தன்மை அப்படியே போய்விட்டது. எங்கள் தண்ணீரில் இருந்ததே அவ்வளவுதான். பி.எச் (அமில-கார அளவு) சரிந்து, கட்டியும் திரளாமல், மறுநாள் தண்ணீர் பால் கலந்த மாதிரி நின்றது. அப்புறம் இரண்டு கிலோ அப்பச்சோடா கரைத்து ஊற்றிய பிறகுதான் படிந்தது. முதலிலேயே சோடா போட்டிருந்தால் ஒரு நாள் மிச்சம்.

படிந்ததை பில்டர் வழியாக விடக்கூடாது, மணலை அடைத்துவிடும். வால்வைக் கழிவுக்குத் திருப்பி, அடியை மெதுவாக உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். ஒரு தடவைக்கு நீர்மட்டம் 15 சென்ரிமீற்றர் இறங்கியது, அதாவது 4,800 லீற்றர். இரண்டு தடவை உறிஞ்சினோம். இவ்வளவுக்கும் சீனக்காரம் பாசியைக் கொல்லாது. சுவரில் ஒட்டியிருந்தது அப்படியே இருந்து, பத்தாம் நாள் மறுபடியும் பச்சை.

இந்த வருடம் 65 சதவீதக் குளோரின் பவுடர் வாங்கினோம். அமிலம் ஊற்றி பி.எச்சை 7.2க்கு இறக்கிவிட்டு, மாலையில் வாளித் தண்ணீரில் பவுடரைக் கரைத்து ஊற்றினோம். பவுடரைத்தான் தண்ணீரில் போட வேண்டும், பவுடரின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. அமில வாளியை அதன் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. பாதுகாப்பு ஒன்றும் இல்லாத தண்ணீரில் பகலில் ஊற்றினால் வெயில் ஒரு மணி நேரத்துக்குள் பாதியைத் தின்றுவிடும். தண்ணீரில் கலந்திருக்கும் நிலைப்படுத்திதான் குளோரினை வெயிலிலிருந்து காக்கும். எங்களுடையது மழையில் வழிந்தோடிக் குறைந்துபோயிருந்தது. அதில் ஒரு நன்மையும் உண்டு: நிலைப்படுத்தி லீற்றருக்கு 30 மில்லிகிராம் இருந்தால் குளோரினை 12 மில்லிகிராமுக்கு ஏற்றினால் போதும், 80 இருந்தால் 32 வரை ஏற்ற வேண்டிவரும். குளோரின் வில்லைகளையே வருடம் முழுக்கப் போடுகிறவர்களுக்கு நிலைப்படுத்தி ஏறிக்கொண்டே போகும், தண்ணீரை மாற்றினால்தான் இறங்கும். வில்லையையும் பவுடரையும் ஒரே வாளியில் கலக்கவும் வேண்டாம், வெடிக்கும்.

எங்கள் பூலில் 12க்கு ஏற்ற 830 கிராம் பவுடர் தேவைப்பட்டது. முதல் மூன்று நாள் ஏற்றியது விடிவதற்குள் இறங்கிவிடும், மறுபடி ஏற்றுவோம். தினமும் சுவரைப் பிரஷ்ஷால் தேய்த்தோம். மூன்றாம் நாள் பச்சை போய்ச் சாம்பல் நிறம். அது செத்த பாசி. அதற்குப் பிறகு பில்டரின் வேலைதான். அழுத்தமானி கால்வாசி ஏறும்போதெல்லாம் பேக்வாஷ், அதாவது தண்ணீரைத் திருப்பி விட்டு பில்டர் மணலை அலசுவது. ஒன்பதாம் நாள் ஆழமான பக்கத்தில் போட்ட ஐந்து ரூபாய்க் குற்றி மேலிருந்தே தெரிந்தது. நான்கு பேக்வாஷுக்கும் சேர்த்து நீர்மட்டம் இறங்கியது 6 சென்ரிமீற்றர், 1,900 லீற்றர். அதையும் சரிவில் விடாமல், கல் நிரப்பிய குழி ஒன்றில் விட்டோம்.

இந்தப் பவுடர் தண்ணீரில் கல்சியத்தை ஏற்றும் என்று குறை சொல்வார்கள். கல்சியம் போதாத மலைத் தண்ணீர் டைல் இடுக்குச் சீமெந்தை அரிக்கும், ஆகவே நமக்கு அது நல்லதுதான்.

குறை இல்லாமலில்லை. ஒரு குதிரைவலு மோட்டார் நாள் முழுக்க ஓடினால் 18 யூனிட்டுக்கு மேல். ஒன்பது நாளுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், மச்சான் அந்த பில்லை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். எங்களுடையது டைல் போட்ட, மணல் பில்டர் உள்ள பூல். பிளாஸ்டிக் விரிப்புப் பூலில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை. நிறம் வெளுக்கும் என்பதால் அங்கே அளவில் கவனம் வேண்டும்.

மயில்துத்தம் (செம்பு உப்பு) போடச் சொல்லவும் ஆள் இருக்கிறது. 1946இல் கொப்புள நோய் வந்த பிறகு தேயிலைக்குச் செம்பு மருந்து அடித்துப் பழகிய ஊர் இது. செம்பு பாசியைக் கொல்லும், சரி. ஆனால் தண்ணீரிலேயே தங்கிவிடும். டைல் இடுக்கில் கறை பிடிக்கும், வெள்ளைக்காரப் பயணிகளின் பொன்னிறத் தலைமுடி பச்சையாகும். ஓடையில் கலந்தால் மீனுக்கு ஆகாது. நாங்கள் தொடவில்லை.

மூன்று நாளில் ஒரு கல்யாணக் கோஷ்டி வருகிறதென்றால் நானும் சீனக்காரத்தைத்தான் எடுப்பேன், அப்பச்சோடாவை முதலில் போட்டுவிட்டு. மிச்சமான அரை மூட்டைச் சீனக்காரம் ஸ்டோர் அறை மூலையில் இருக்கிறது. தூக்கிப் போட மச்சான் விடவில்லை.